அடி வாங்குவது சிலுவை அல்ல

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் 'பாடு' என்றொரு சொல் உண்டு. 'படாத பாடு பட்டேன்', 'என் பாடு எனக்கு' என்று ஊரே பேசுகிற சொல்தான். ஆலயத்துக்குள் நுழைந்ததும் அதற்கு ஒரு பரிசுத்தம் வந்துவிடுகிறது. லெந்து நாட்கள் நாற்பதும் கிறிஸ்துவின் பாடுகளைத் தியானிக்கிறோம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒரு பெண் தன் வீட்டிலோ சபையிலோ தனக்கு நடந்த கொடுமையைச் சொல்ல வாய் திறக்கும்போது, அதே சொல்லை எடுத்து அவள் வாயில் அடைக்கிறார்களே, அங்கேதான் என் சண்டை.

இருபது ஆண்டுகளாகக் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருக்கிறேன். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் முடிச்சூர், பெருங்களத்தூர் என்று எங்கே திரும்பினாலும் திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பிழைக்க வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள். கோபுரமும் மணியும் வைத்த பழைய ஆலயம் முதல், ஹார்டுவேர் கடைக்கு மேலே தகர ஷீட் போட்ட மாடிச் சபை வரை எல்லாம் உண்டு. பாட்டு வேறு, ஞானஸ்நானம் வேறு, திருவிருந்து வேறு. பெண்ணுக்குச் சொல்லும் ஆலோசனை மட்டும் ஒன்று. "பொறுத்துக்கோம்மா. நீ முழங்கால்ல நில்லு, அவர் மாறுவார்." குற்றம் போதகர் மேலேயே என்றால் ஆலோசனை எச்சரிக்கையாக மாறும். "ஊழியக்காரரைப் பத்திப் பேசாதே, சாபம் வீட்டுக்கு வரும்."

சானடோரியத்தில் மெப்ஸ் வளாகத்துக்குள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பெயரையும் சபையையும் எழுத மாட்டேன். கணவன் அடித்ததில் மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டோடு போதகர் வீட்டுக்குப் போனாள். மூன்று வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். போனாள். மூன்றாம் வெள்ளி, தனக்குப் பொறுமை கிடைத்ததற்காக எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொன்னார்கள். அவன் அந்தச் சபையில் காணிக்கைப் பை எடுக்கிறவன். அந்த மூன்று வாரமும் பையை அவனே எடுத்தான். "அக்கா, அவர்கிட்ட யாரும் எதுவும் கேக்கவே இல்லையே" என்றாள் என்னிடம். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் விரித்து எழுதுகிறேன்.

சபையின் இலக்கணத்தில் துன்பத்துக்கு இரண்டு பெயர். வெளியாள் அடித்தால் அநீதி. உள்ளாள் அடித்தால் பாடு. அநீதி என்றால் ஊர்வலம் உண்டு, மனு உண்டு, வக்கீல் உண்டு. பாடு என்று பெயர் வைத்துவிட்டால் முழங்கால் மட்டும்தான்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் இரண்டு கன்னியாஸ்திரிகளை எண்ணிப் பாருங்கள். 2008 ஆகஸ்டில் ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்கள்மீது வன்முறை நடந்தபோது ஒரு கன்னியாஸ்திரி பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார். அந்த அக்டோபரிலேயே டெல்லியில் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து, தனக்கு நடந்ததைச் சொல்லி, ஒடிசா காவல்துறையின் மீது நம்பிக்கையில்லை, சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்று கேட்டார். திருச்சபை அவர் பின்னால் நின்றது. நம் ஊர் ஆலயங்களிலும் அவருக்காக ஜெபித்தோம். கிறிஸ்துவுக்காகப் பட்டது, வெளியே சொல்லாதே என்று யாரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. சரியாகவே நடந்துகொண்டோம்.

பத்தே ஆண்டு கழித்து, 2018 ஜூனில், கேரளத்தின் குறவிலங்காட்டு மடத்தைச் சேர்ந்த ஒரு கன்னியாஸ்திரி, அப்போது ஜலந்தர் ஆயராக இருந்த ஃபிராங்கோ முலக்கல் தன்னைப் பலமுறை வன்கொடுமை செய்ததாகக் காவல்துறையில் புகார் கொடுத்தார். திருச்சபைக்குள் முறையிட்டுப் பயனில்லாமல்தான் இங்கே வந்தோம் என்றார்கள் அவருடன் இருந்த சகோதரிகள். செப்டம்பரில் அவர்கள் ஐந்து பேர் கொச்சியில் உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போராடிய பிறகே ஆயர் கைதானார். அவர்களுடைய சொந்தத் துறவற சபை, புகார் கொடுத்தவரின் முகம் தெரியும் படத்தை ஊடகங்களுக்கு அனுப்பியது. 2019 ஜனவரியில், போராடியவர்களுக்கு மடத்தைவிட்டு வேறு ஊர்களுக்குப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. 2022 ஜனவரி 14 அன்று கோட்டயம் நீதிமன்றம் ஆயரை விடுதலை செய்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டது. நீதிமன்றத் தீர்ப்பை இங்கே நான் விசாரிக்க வரவில்லை. அது வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே படத்தாலும் மாற்றல் கடிதத்தாலும் இன்னொரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அதைத்தான் கேட்கிறேன். அதே 2019 பிப்ரவரியில், குருக்களும் ஆயர்களும் கன்னியாஸ்திரிகளைப் பாலியல்ரீதியாகச் சுரண்டியது உண்டு, இன்னும் அது நடக்கிறது என்று செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டவர் போப் பிரான்சிஸ். அவரை யாரும் ஊழியக்காரர்களை அவமதித்தவர் என்று சொல்லவில்லை.

மன்னிப்பு என்ற சொல்லுக்கும் இதே கதிதான். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு மகன்களையும் ஜீப்போடு எரித்தார்கள். மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொலையாளிகளை மன்னிப்பதாகச் சொன்னார். இந்தக் கதையை நம் ஊர்ப் பிரசங்கங்களில் எத்தனை முறை கேட்டிருப்போம்! ஆனால் பாதிக் கதைதான் சொல்வார்கள். அவர் மன்னித்ததால் வழக்கு நிற்கவில்லை. தாரா சிங் தண்டிக்கப்பட்டான். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மன்னிப்பது அந்தப் பெண்ணின் உரிமை. விசாரிப்பது அரசின் கடமை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. ஒன்று மற்றொன்றின் கழுத்தைப் பிடிக்கவில்லை.

இதையே உள்ளே நடந்த குற்றத்துக்கு வைத்துப் பாருங்கள். உதகை மறைமாவட்டக் குரு ஒருவர் அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றிய காலத்துக் குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டு, 2015இல் ஒரு வளரிளம் பெண்ணிடம் நடந்த பாலியல் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தண்டனை முடிந்து திரும்பினார். 2016இல் அவர்மீதிருந்த இடைநீக்கத்தை மறைமாவட்டம் விலக்கியது. இங்கே மன்னித்தது யார்? பாதிக்கப்பட்டவளா? அவளைக் கேட்காமலே அவள் பெயரில் வேறு யாரோ கையெழுத்துப் போட்ட மன்னிப்பு இது.

சரி, வேதத்துக்கே வருவோம். நான் விசுவாசி. வேதம் எங்களிடமும் இருக்கிறது.

பாடுபடுங்கள், மூப்பருக்குக் கீழ்ப்படியுங்கள் என்று சொல்ல அவர்கள் திறப்பது பேதுருவின் முதல் நிருபம். அது சின்ன ஆசியாவில் சிதறிக் கிடந்த, கிறிஸ்துவின் பெயரைச் சொன்னதற்காக வசை வாங்கிய மக்களுக்கு எழுதியது. நாலாம் அதிகாரம் துன்பத்தைத் தரம் பிரிக்கிறது. எல்லா வலியும் கிறிஸ்தவனாகப் பட்ட பாடு ஆகிவிடாது, எதற்காகப் படுகிறாய் என்று பார் என்கிறது. விசுவாசத்துக்காகப் படுவது ஒரு கணக்கு. குடித்துவிட்டு வந்தவன் சாம்பாரில் உப்பில்லை என்று தட்டை வீசுவது எந்தக் கணக்கு? அவன் அடித்தது அவள் கிறிஸ்தவள் என்பதற்காகவா? அவனும் கிறிஸ்தவன்தானே!

இரண்டாம் அதிகாரம் முரட்டு எஜமானுக்கும் அடங்கியிருக்கும்படி வேலைக்காரரிடம் சொல்கிறது. அங்கே வேலைக்காரர் என்றால் அந்தக் காலத்து வீட்டு அடிமைகள். இன்று எந்தப் போதகரும் அடிமைத்தனத்தை ஆதரித்து அதைப் பிரசங்கிப்பதில்லை. காலம் மாறிவிட்டது என்று விளக்கி, ஆபீசில் ஒழுங்காக வேலை பாருங்கள் என்று முடித்துக்கொள்கிறார்கள். மூன்றாம் அதிகாரம் 'அதைப்போலவே மனைவிகளும்' என்று அதே மூச்சில் தொடர்கிறது. அங்கே மட்டும் காலம் மாறுவதில்லை. அதற்குச் சில வசனம் தள்ளி, மனைவியைக் கனப்படுத்தாத கணவனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்றும் இருக்கிறது. மாவுக்கட்டோடு வந்தவளை மூன்று வாரம் உபவாசிக்க வைத்தவர்கள், அவனைப் பார்த்து 'உன் ஜெபம் ஏறாது, பையைக் கீழே வை' என்று சொல்லியிருக்க வேண்டும். வேதப்படி அதுதான் ஒழுங்கு.

மூப்பரை மதிக்கச் சொல்லும் ஐந்தாம் அதிகாரம் மூப்பரிடம்தான் முதலில் பேசுகிறது. பணத்துக்காக மேய்க்காதே, மந்தையை அதிகாரம் பண்ணாதே என்கிறது. நம்மிடம் வந்து சேர்வது அடுத்த பாதி மட்டும். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்திலும் அப்படியே. மூப்பர்மேல் குற்றம் சாட்ட இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்ற வசனம் எல்லாக் கமிட்டி உறுப்பினர்களுக்கும் மனப்பாடம். குற்றம் செய்தவர்களை எல்லார் முன்பாகவும் கண்டிக்கச் சொல்லும் வசனம் அதற்கு நேர் கீழே இருக்கிறது. யார் கண்ணிலும் படுவதில்லை.

அபிஷேகம் பெற்றவரைத் தொடக் கூடாது என்பார்கள். நூற்றைந்தாம் சங்கீதத்தில் வருவது. யார் யாரைத் தொடக் கூடாது? நிலமில்லாமல், கொஞ்சம் பேராக, ஊர் ஊராக அலைந்த ஆபிரகாம் குடும்பத்தை ராஜாக்கள் தொடக் கூடாது. ஆதியாகமத்தில் இருபதாம் அதிகாரத்தைப் படியுங்கள். தன் உயிருக்குப் பயந்து ஆபிரகாம் மனைவியைச் சகோதரி என்று சொல்லிவிட, கேராரின் ராஜா சாராளைக் கொண்டுபோகிறான். கனவில் கடவுள் ராஜாவைத்தான் மிரட்டுகிறார். அவளைத் தொட விடாமல் தடுத்தது தானே என்கிறார். ஆக, 'தொடாதே' என்பது பதவியில் இருந்தவனுக்கு விழுந்த கட்டளை. அது காத்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. அந்த வசனத்தைத் திருப்பிப் போட்டுப் பதவிக்குக் கேடயமாக்கி, பெண்ணின் முகத்துக்கு நேராக நீட்டுகிறார்கள்.

தாவீது சவுலின்மேல் கை வைக்கவில்லையே என்பார்கள். வைக்கவில்லைதான். ஆனால் சவுல் ஈட்டி எறிந்தபோது விலகினான், ஓடினான். மீகாள் ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள், தப்பினான். பிறகு தூரத்தில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, எனக்கு ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டான். மறுபடி அந்த வீட்டுக்குக் குடிபோகவில்லை. ஈட்டி எறிகிறவனை மதிக்கலாம். அவன் கூடத்தில் உட்கார்ந்து வீணை வாசித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

அவிசுவாசிகளின் கோர்ட்டுக்குப் போகலாமா என்பார்கள். பவுல் போனார். பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்த அதிகாரிகள் தாங்களே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்று சிறையில் உட்கார்ந்துகொண்டார். பின்னாளில் ராயனிடம் மேல்முறையீடு செய்தார்.

பெண்ணின் இந்தப் பொறுமை வானத்திலிருந்தும் இறங்கவில்லை. சட்டம் போட்டு வளர்த்தது. 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் தகாத உறவு ஒன்றே விவாகரத்துக்குப் போதும். மனைவிக்கு அது போதாது. கணவனின் தகாத உறவோடு கொடுமையையோ, இரண்டு வருடம் கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். வெறும் அடி உதைக்கு விவாகரத்து கிடையாது, பிரிந்து வாழும் அனுமதி மட்டும்தான். மனைவியோடு உறவு வைத்தவனிடம் கணவன் நஷ்டஈடு கேட்கலாம் என்றொரு பிரிவும் இருந்தது, மாடு திருடு போனதற்குக் கேட்பதுபோல. 1995இல் கேரள உயர் நீதிமன்றம் மனைவிக்குப் போட்ட இந்தக் கூடுதல் சுமையைச் செல்லாது என்றது. 2001இல்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 132 ஆண்டுகள். நம் பாட்டிகளும் அம்மாக்களும் 'கர்த்தர் பலன் தருவார்' என்று சொல்லிக்கொண்டு சகித்ததில் எத்தனை பங்கு பக்தி, எத்தனை பங்கு போக்கிடமின்மை? அந்தப் போக்கிடமின்மைக்குத்தான் நாம் சாட்சி வேளையில் கை தட்டினோம்.

இனி எதிர்வாதம். எனக்கும் தெரிந்த, லேசில் தள்ள முடியாத எதிர்வாதம். நாம் சிறுபான்மை, உள்ளே நடப்பதை வெளியே சொன்னால் நம்மை வெறுப்பவர்கள் அதை எடுத்து ஆடுவார்கள் என்பது. ஆடுவார்கள்தான். தாம்பரத்திலேயே பார்த்தோம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் விலங்கியல் மாணவிகள், கல்விச் சுற்றுலாவில் தங்களுக்கு நடந்த பாலியல் துன்புறுத்தலைப் புகாராகக் கொடுத்தார்கள். கல்லூரியின் விசாரணைக் குழு அறிக்கையை எதிர்த்து ஆசிரியர் போட்ட மனுவை 2019 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஆனால் அதே உத்தரவில், கிறிஸ்தவ நிறுவனங்களில் இருபாலரும் சேர்ந்து படிப்பது பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பற்றது என்று பெற்றோர் கருதுவதாகவும் நீதிபதி எழுதினார். எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களில் அந்தப் பகுதி நீக்கப்பட்டது. நீக்க வேண்டியதுதான். ஒருவன் செய்ததற்கு ஒரு சமூகத்தின் மேல் முத்திரை குத்துவது நீதியல்ல.

ஆனால் அந்த வாரம் நம் ஆலய வாசல்களில் நான் கேட்ட பேச்சு என்ன? நீதிபதி நம்மை இப்படிச் சொல்லிவிட்டாரே என்பதுதான். அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். நமக்கு வந்த அவமானம் அநீதியாகத் தெரிந்தது. அந்தப் பெண்களுக்கு வந்தது ஒரு 'சம்பவமாக' முடிந்தது. இன்னொன்றும் கவனியுங்கள். புகார் வாங்க அந்தக் கல்லூரியில் ஒரு குழு இருந்தது. அது விசாரித்தது, நீதிமன்றத்தில் நின்றது. ஒரு கிறிஸ்தவ நிறுவனத்தில் சட்டம் நடமாடியதால் வானம் இடிந்து விழவில்லை. நம்மை வெறுப்பவர்களுக்கு ஆயுதம் கொடுப்பது புகார் சொல்லும் பெண் அல்ல, புகாரைப் புதைக்கும் கமிட்டி. புதைத்தது ஒருநாள் நாறும்போது ஊரே மூக்கைப் பிடிக்கிறது.

தலித் கிறிஸ்தவர்களிடம் இதே வாதத்தைத்தான் சொன்னோம். கல்லறையில் சுவர் எழுப்பியதை வெளியே சொல்லாதே, மதத்துக்கு இழுக்கு என்றோம். மடத்தைவிட்டு வெளியேறிய பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார். திருச்சபை அதனால் அழியவில்லை. உண்மை கேட்க விரும்பியவர்களுக்குக் காது திறந்தது, அவ்வளவுதான்.

ஆகவே, மரியாதை வேண்டுமென்று கேட்கும் ஆயர்களே, போதகர்களே, மூப்பர்களே, தருகிறோம். கணக்குக் கேட்கத் தகுந்தவர் என்று ஒருவரை எண்ணுவதுதான் அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை. அந்த மரியாதையோடு சிலவற்றைக் கேட்கிறோம்.

சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் சபை ஒரு பணியிடம். 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் அறக்கட்டளையும் சங்கமும் அடக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்ளகக் குழு வைக்க வேண்டும். குறைவாக இருந்தால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். தாம்பரத்துக்கு அது செங்கல்பட்டு மாவட்டம். இந்த விவரத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஞாயிறு பள்ளிக் குழந்தைக்கு ஏதாவது நடந்தது தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வது எல்லார்மேலும் விழுந்த கடமை. ஊழியக்காரருக்கென்று அதில் விலக்கு இல்லை. அடிபட்ட மனைவி வந்தால் உபவாசத் தேதி குறிப்பதற்கு முன் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அவளுக்கு அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையைத் தருகிறது என்று சொல்லுங்கள். அடித்தவனை ஆலயப் பொறுப்பிலிருந்து அன்றைக்கே இறக்குங்கள்.

பெண்கள் சங்கத்துச் சகோதரிகளே, அசனத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைத்துப் போடும் நம்மால் இதைக் கேட்க முடியாதா? கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை உண்டா என்று சபை முழுவதையும் கேட்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த ஓலையோடு சேர்த்து இரண்டு எண்களையும் வாசிக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098.

அப்படிக் கேட்பது தலைவர்களுக்கு அவமரியாதை என்று யாராவது எழுந்து சொல்வார்கள். அவருக்கு யோவான் சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். பிரதான ஆசாரியனுக்கு இப்படியா பதில் சொல்வது என்று ஒரு சேவகன் இயேசுவைக் கன்னத்தில் அறைகிறான். இயேசு மறு கன்னத்தைத் திருப்பவில்லை, மௌனமாகவும் இல்லை. தான் பேசியதில் தப்பிருந்தால் நிரூபிக்கும்படியும், இல்லையென்றால் அடித்ததற்குக் காரணம் சொல்லும்படியும் கேட்கிறார். மரியாதையின் பெயரால் கை ஓங்கியவன் யார், கேள்வி கேட்டவர் யார் என்று பாருங்கள். பார்த்துவிட்டு, நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்று முடிவு செய்வோம்.